தங்கியதா என்று மட்டும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைப்பேறு சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருமுட்டை கொடுக்கும் பெண்ணைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருந்தது. நான் அப்படிக் கொடுத்தவள்.

காரைக்குடிப் பக்கம் விசேஷ வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போகிறேன். 2016-ல் வட்டிக் கடனை அடைக்க, கல்யாண வேலை என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு மதுரையில் போய்த் தங்கினேன். பத்து நாள் அடிவயிற்றில் ஊசி. மயக்கம் தெளிந்ததும் "எத்தனை?" என்று கேட்டேன். "பதினாலு" என்றார் நர்ஸம்மா. இப்போதைய சட்டப்படி ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது, வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம். அப்போது அந்தச் சட்டம் இல்லை. வயிறு உப்பி, பாவாடை நாடாவைக் கட்ட முடியாமல் ஒரு வாரம் கிடந்தேன். அது சரியாகிவிட்டது.

பணத்துக்காகத்தான் கொடுத்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. என் பிள்ளை என்று உரிமை கொண்டாடவும் நினைக்கவில்லை. சுமந்து பெற்றவள்தான் அம்மா. ஆனாலும் பிள்ளையார்பட்டி வரிசையில் எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளை யார் நின்றாலும் என் கண் அதன் புருவத்துக்குப் போகிறது. எனக்கும் என் மகளுக்கும் புருவம் கூடியிருக்கும். "கரு தங்குச்சாக்கா?" என்று புரோக்கர் அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "காசு வாங்கிட்டேல்ல, மறந்துரு" என்றார்.

போன தையில் ஒரு செட்டியார் வீட்டில் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்து எடுத்தார்கள். பெற்ற தாயான ஆச்சியை வளவு முற்றத்தில் உட்காரவைத்து, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு அழ விட்டார்கள். பணியாரத் தட்டோடு நின்ற நான் அடுப்படிக்குத் திரும்பிப் போய் அழுதேன். என் கையை யாரும் பிடித்ததில்லை.

2021-ல் வந்த சட்டம் கொடுப்பவளுக்கு 12 மாதம் காப்பீடு வேண்டும் என்கிறது. அது உடம்புக்கு. முட்டை எடுப்பதற்கு முன்பும், எடுத்துச் சில மாதம் கழித்தும் மனநல ஆலோசகர் ஒருவர் அவளிடம் உட்கார்ந்து பேசுவதையும் கட்டாயமாக்க வேண்டும். அவள் விரும்பிக் கேட்டால், தங்கியதா இல்லையா என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஊர் வேண்டாம், பேர் வேண்டாம்.

என் மகளுக்கு இது இன்னும் தெரியாது. அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி வட்டம்.