கணக்குப் புத்தகத்தைத் திறந்து வாசியுங்கள்

மதிப்புக்குரிய போதகர் ஐயாவுக்கும் சபைக் குழுவினருக்கும்,

சபைக் காணிக்கையை எண்ணிவந்த என் அக்கா அறுப்பின் பண்டிகைக் காசை எடுத்துவிட்டார் என்ற பேச்சு எப்படிக் கிளம்பியது என்று உங்களுக்குத் தெரியும். காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் சொன்ன தொகை 124,500 ரூபாய். திங்கட்கிழமை வங்கியில் போட்டது 109,000. மிச்சம் 15,500 ரூபாய், நெல்மூட்டையையும் தயிர்ச்சட்டிகளையும் கடனுக்கு ஏலம் எடுத்தவர்கள் தரவேண்டியது. அடுத்த கிழமையே தந்தார்கள், அதுவும் வங்கிக்குப் போய்விட்டது. இரண்டு சீட்டும் கணக்குப் புத்தகத்தில் ஒட்டியிருக்கின்றன. புத்தகம் உங்கள் அலுமாரியில் இருக்கிறது.

அந்த ஒரு கிழமைக்குள் வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில் என் அக்காவின் பெயர் ஜெபக்குறிப்பாக வந்தது. "காசு விஷயத்தில விழுந்திட்டா, அவவுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார்களாம். அப்புறம் அது வட்ஸ்அப்பில் போனது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் கோள் ஜெபமாகிவிடுமா ஐயா?

அத்தான் இறந்த பிறகு இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அக்கா. ஒன்பது வீடுகளுக்குக் கொடுத்தது இப்போது இரண்டு வீடாகிவிட்டது. அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்வதில்லை. நான் பார்க்க முடியாமல் தவிப்பது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை கடைசி வாங்கில் போய் இருக்கிறார். காணிக்கைப் பை வரும்போது இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருக்கும் என் மகள்தான் பையை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கிறாள். தன் காணிக்கையையும் அவளிடமே கொடுத்துப் போடச் சொல்கிறார். ஏன் மாமி என்று பிள்ளை கேட்டதற்கு, "என்ட கை அந்தப் பையில படுறத ஆரும் பார்க்கக் கூடாது மகள்" என்றாராம். 22 வருடம் இந்தச் சபையின் காணிக்கையை எண்ணிய கை அது.

நான் உங்களிடம் வந்தபோது, "பொறுங்கள், சனம் மறந்துவிடும்" என்றீர்கள். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனியாகப் போய்ப் பேசு என்கிறது மத்தேயு 18. அக்காவிடம் ஒருவர்கூட வரவில்லை. மூப்பர்மேல் வரும் முறைப்பாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஒரு விதவைமேல் வந்தால் சாட்சியே தேவையில்லையா? ஆகவே கேட்கிறேன், கணக்கை ஆராதனையில் வாசியுங்கள்.

உன் ஜனங்களுக்குள்ளே கோள்சொல்லித் திரியாதே என்னும் லேவியராகமம் 19:16, அதே வசனத்தில் பிறனுடைய இரத்தப்பழியைப் பற்றியும் சொல்கிறது. இவை ஏன் ஒரே வசனத்தில் இருக்கின்றன என்று மட்டக்களப்பாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமில் இராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுக்க, முகத்தை மூடிய தலையாட்டிகள் தலையசைத்தார்கள். இராணுவம் கொண்டுபோன 158 பேர் திரும்பவில்லை. அந்தத் தலையாட்டிகளிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. இதை அனுபவித்த ஊரில், முகம் காட்டாமல் ஒருவரைச் சுட்டும் பழக்கம் சபைக்குள் எப்படி வந்தது?

புதிய ஏற்பாட்டில் பிசாசு என்று நாம் வாசிக்கும் பல இடங்களில் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல் தியாபொலோஸ். அவதூறு செய்பவன் என்று அர்த்தம். 1 தீமோத்தேயு 3:11இல் "அவதூறுபண்ணாதவர்களும்" என்று வருவதும் அதே சொல்தான். அக்கா பிழை செய்திருந்தால்கூட அதைப் பத்து வீட்டில் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. கேட்டுக்கொண்டு இருந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த ஜெபக்கூட்டத்தில் உங்கள் குழுவினர் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

கோபத்தில் எழுத்துக் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். சொன்னவர்களின் பெயரை நான் கேட்கவில்லை, தண்டனையும் கேட்கவில்லை. வரும் மாதத் திருவிருந்துக்கு முன்னால், சபை முழுவதும் கேட்க, கணக்குப் புத்தகத்தைத் திறந்து அந்த இரண்டு சீட்டையும் வாசியுங்கள் என்று தாழ்மையுடன் கேட்கிறேன். அன்று அக்காவை முன்வாங்குக்கு நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி, உங்கள் சபை அங்கத்தவன்
மட்டக்களப்பு