டிராஃப்டில் பெயர் வந்தால் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தால், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் மேடையில் பெயர் வாசித்ததுமே பையனின் வாழ்க்கை செட்டிலாகிவிடும் என்று தோன்றும். பிள்ளையை இந்த ஆட்டத்துக்கு அனுப்பும் பெற்றோர் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் 32 அணிகள். டிராஃப்ட் ஏழு சுற்று. தேர்வானவருக்கு அன்றைக்கு வேலை எதுவும் கிடைப்பதில்லை. அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமைதான் அந்த அணிக்குக் கிடைக்கிறது. பெரும்பாலோர் ஜூனியர் லீக்குக்கோ பல்கலைக்கழக அணிக்கோ திரும்பிப் போகிறார்கள். கையெழுத்தான பிறகும் கணக்கு இறுக்கமானது. ஓர் அணி 50 ஒப்பந்தங்கள் வரை வைத்திருக்கலாம். முதன்மைப் பட்டியலில் இடம் 23 பேருக்கு. ஆட்ட நாளில் சீருடை அணிவது 20 பேர், அதில் இருவர் கோல்கீப்பர்கள். மிச்சமுள்ளவர்களில் பலர் இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்.லில் ஆடுகிறார்கள்.

இங்கேதான் டூ-வே ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலே இருக்கும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே அனுப்பிவிட்டால் அதைவிட மிகக் குறைந்த இன்னொரு சம்பளம். கையெழுத்துப் போடும் முன் கீழ் லீக் தொகை என்ன என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அனுபவம் கூடியவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் வேவர்ஸ் என்ற பட்டியலில், அதாவது மற்ற அணிகளுக்குத் திறந்துவிடும் பட்டியலில், போட வேண்டும். போட்ட 24 மணி நேரத்துக்குள் வேறெந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் ஊரே மாறிவிடும்.

மேலே போனவர் அங்கேயே நிலைப்பது கோலால் மட்டும் அல்ல. முழு வேகத்தில் 40, 45 விநாடி ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவதுதான் ஒரு ஷிஃப்ட். கூடுதலாக 20 விநாடி நின்றால் கால் கனத்துப்போகும். களைத்த நிலையில் சொந்தப் பாதியிலிருந்து பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிட்டால் அது ஐசிங். அடித்த அணி ஆட்களை மாற்ற முடியாது, அவர்கள் கோல் பக்கத்திலேயே ஃபேஸ்-ஆஃப், அதாவது இரு அணி வீரர்களுக்கு நடுவே வட்டைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது. இரண்டாம் பீரியடில் பக்கம் மாறுவதால் பெஞ்சு தற்காப்புப் பகுதியிலிருந்து தூரமாகி, இந்தத் தவறு இரட்டிப்பு விலை கேட்கும். குறைந்த நேரமே களமிறங்கும் நான்காம் வரிசை வீரரின் இடம் பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஸ்கேட் பிளேடும் அப்படித்தான். அடியில் குழிவாகத் தீட்டுவதால் இரண்டு விளிம்புகள் உருவாகின்றன. அரை அங்குல ஆரம் பலரும் வைப்பது. ஆரம் சிறியதானால் பிடிப்பு கூடும், ஆனால் சறுக்கல் குறைந்து தொடை சீக்கிரம் சோர்ந்துவிடும். தீட்டி வாங்கியதும் பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். அது சாய்ந்து நின்றால் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கிறது. திருப்பத்தில் கால் வழுக்கும்.

டிராஃப்டில் பெயர் வராதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மார்ட்டின் செயின்ட் லூயிஸை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழகம், கீழ் லீக்குகள் என்று ஏறி வந்து, 2004-இல் டாம்பா பே அணியோடு ஸ்டான்லி கோப்பையையும் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதையும் வென்றார்.

அடுத்த முறை டிராஃப்ட் மேடைப் படத்தைப் போடும்போது, பக்கத்திலேயே அந்த 50, 23, 20 கணக்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்