ஆஸ்பத்திரியில "மாடு வெச்சிருக்கீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் கோமாரி தடுப்பூசி முகாம் பத்தி செய்தி போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா கன்னு வீச்சு நோய் பத்தி அதுல ஒரு வரி கூட இல்லீங்க, அதனாலதான் எழுதறேன். சினை மாடு மாசம் நிறையறதுக்கு முன்னாடியே கன்னைத் தள்ளிரும், டாக்டருங்க புருசெல்லோசிஸ்னு சொல்ற அதே நோய்தான். அது எங்கூட்டுக்குள்ள வந்து ஒரு வருசத்தைத் தின்னுட்டு போயிருக்குது.

நாங்க வெள்ளகோவில் பக்கம், கொறங்காடுங்கற மேய்ச்சல் காடும் நாலு கறவை மாடும் வெச்சுப் பொழைக்கறவங்க. போன ஆடியில ஒரு ஜெர்சி மாடு ஏழு மாசச் சினையில கன்னு வீசிருச்சு, நஞ்சுக்கொடியும் விழலை. எங்கூட்டுக்காரர் பதட்டத்துல வெறுங்கையோட கையை உள்ள விட்டு எடுத்தாரு, எடுத்ததை எங்க மாமனார் வைக்கோல்ல சுத்தி சாக்குல கட்டி வழக்கம்போல ஆலமரத்துல தொங்க விட்டாரு. ரெண்டு பேரும் செஞ்சது காலங்காலமா எல்லாரும் செய்யறதுதானுங்க, அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை.

ஒண்ணரை மாசம் கழிச்சு எங்கூட்டுக்காரருக்குக் காய்ச்சல். சாயங்காலமானா ஏறும், ராத்திரி வேர்த்துக் கொட்டி சட்டையெல்லாம் நனைஞ்சிரும், காலையில ஒண்ணுமே இல்லாத மாதிரி எந்திரிப்பாரு, ஆனா இடுப்பும் மூட்டும் வலிச்சு பால் கறக்க உக்கார முடியாது. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மாசம் அலைஞ்சோம், டெங்கு பாத்தாங்க டைபாய்டு பாத்தாங்க டிபி பாத்தாங்க, எதுலயும் ஒண்ணும் வரலை, பணம்தான் போச்சு. கடைசியா வேறொரு டாக்டரம்மா அவரு கையைத் தொட்டுப் பாத்துட்டு "ஏனுங்க, மாடு வெச்சிருக்கீங்களா, ஏதாச்சும் கன்னு வீசுச்சா"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விதானுங்க. ரத்தத்துல அதுக்குன்னு இருக்கற டெஸ்ட் எடுத்தாங்க, நோய் என்னன்னு தெரிஞ்சு போச்சு, ரெண்டு வகை மருந்து சேத்து ஆறு வாரம் விடாம சாப்பிடச் சொன்னாங்க, நடுவுல நிறுத்தினா திரும்ப வரும்னு கண்டிப்பா சொல்லி அனுப்புனாங்க. இப்பத்தான் தேறி வர்றாரு.

இந்த நோய்க்கு மால்டா காய்ச்சல்னும் பேருங்க, 1887லயே டேவிட் புரூஸ்ங்கற டாக்டர் மால்டா தீவுல கிருமியைக் கண்டுபிடிச்சிட்டாரு, அங்க அது ஆட்டுப்பால்ல பரவுச்சு. நூத்தி முப்பது வருசத்துக்கு மேல தெரிஞ்ச நோயிங்க, மாடு இல்லாத வீடே கம்மியா இருக்கற இந்த ஊர்ல ரெண்டு மாசம் யாருக்கும் கேக்கத் தோணலைங்கறதுதான் எனக்கு ஆறலை.

மாட்டு டாக்டர் சொன்னதுல ஒண்ணு தூக்கிவாரிப் போட்டுச்சு. கன்னு வீசின மாடு பெரும்பாலும் அடுத்த ஈத்துல நல்லாவே கன்னு போடுமாம், நாமளும் சரியாயிருச்சுன்னு நினைச்சுக்குவோம், ஆனா பால்லயும் கன்னு போடும்போது வர்ற தண்ணியிலயும் கிருமி வந்துட்டே இருக்குமாம். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வியாழக்கிழமை கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருங்கன்னு சொன்னாங்க. ஓட்டியிருந்தா பணம் வந்திருக்கும், நோயும் இன்னொருத்தர் கட்டுத்தரைக்குப் போயிருக்கும், அந்த வீட்டுல ஒரு புள்ளத்தாச்சி இருந்தா என்ன ஆகும், மனுசங்களுக்கும் இதுல கரு கலையுமாமே. மாட்டைத் தனியாக் கட்டி பாலை வத்த விட்டுட்டோம். நட்டம்தான், ஆனா விக்கலை.

கோமாரி ஊசியும் கன்னு வீச்சுக்குப் போடற தடுப்பூசியும் ஒண்ணுன்னுதான் எங்க ஊர்ல பாதிப்பேர் நினைக்கறாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். கோமாரிக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடணும். கன்னு வீச்சுக்கு கெடேரிக் கன்னுக்கு மட்டும், நாலு மாசத்துலருந்து எட்டு மாசத்துக்குள்ள, ஆயுசுக்கு ஒரே தடவை. காளைக் கன்னுக்குப் போடக்கூடாது, சினை மாட்டுக்கும் போடக்கூடாது. 2019ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டத்துல இது ரெண்டும் இலவசம். மனுசனுக்கு இதுக்கு ஊசியே கிடையாதுங்க, கன்னுக்குப் போட்டாத்தான் நமக்கும் பாதுகாப்பு.

வீசின கன்னையும் நஞ்சையும் நாய் இழுக்காத ஆழத்துல குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும், தோள் வரைக்கும் கையுறை இல்லாம யாரும் கையை விடக்கூடாது, டாக்டரைக் கூப்பிடறதுதான் நல்லது. பாலை நல்லாக் கொதிக்க வெச்சாப் போதும், கிருமி செத்துரும். மரத்துல கட்டற வழக்கத்தை விடறதுக்கு எங்க மாமனாருக்கு ரொம்ப சங்கடமா இருந்துச்சு, கொழுந்தனார் மாடு கன்னு போட்டப்ப அவரே மம்பட்டி எடுத்துக் குழி வெட்டினாரு.

உங்க விவசாயப் பக்கத்துல இந்த நாலு மாசம் எட்டு மாசக் கணக்கைப் பெரிய எழுத்துல ஒருக்கா போடுங்க. காய்ச்சலுக்குச் சீட்டு எழுதற எடத்துல பேரு வயசோட ஆடு மாடு இருக்குதான்னும் எழுதற மாதிரி செய்யச் சொல்லி மருத்துவத் துறைக்கும் கோரிக்கை வைங்க. எங்க கட்டுத்தரையில அஞ்சு மாசக் கெடேரி ஒண்ணு நிக்குது, திங்கக்கிழமை ஊசிக்கு ஓட்டிட்டுப் போறோம்.

இப்படிக்கு,
வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி