டூல்பாக்ஸ் மீட்டிங்கே நல்ல ஆங்கில வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் கட்டுமானத் தளம் ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலை தொடங்குமுன் நாங்கள் கூடிப் பேசும் சிறு பாதுகாப்புக் கூட்டம்தான் டூல்பாக்ஸ் மீட்டிங். ஊரிலிருந்து வரும் தம்பிகள் பலர் இப்போது கைப்பேசியில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ (வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற குட்டிச்சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடர்) பட்டியல்களை உருப்போடுகிறார்கள். கெட் அப், கெட் ஓவர், கெட் அவே என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பாதி, தளத்தில் யார் வாயிலும் வராது.

அண்மையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது பொறியாளர், ‘புட் ஆஃப் த லிஃப்டிங்’ என்றார். கிரேனில் தூக்கும் வேலையை மின்னல் ஓய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். கிரேனில் சுமையைக் கட்டிவிடும் ரிக்கர் தம்பியோ வேலையே ரத்து என்று நினைத்து, சுமை கட்டும் ஸ்லிங், ஷாக்கிள் எல்லாவற்றையும் கழற்றி ஸ்டோரில் வைத்துவிட்டார். ரத்து என்றால் ‘கால் ஆஃப்’ என்றிருப்பார்கள். மழை விட்டதும் கிரேன் சும்மா நிற்க, எல்லாவற்றையும் திரும்பச் சுமந்து வந்தோம். “ஆஃப்னுதானே அண்ணே சொன்னாரு?” என்றார் பாவம். ‘போஸ்ட்போன்’, ‘கேன்சல்’ இரண்டும் அவருக்கு நன்றாகவே தெரியும்.

அதே தம்பி, ‘நாக் ஆஃப்’ (வேலை முடித்துக் கிளம்புவது) என்பதை வேலைக்கு வந்த முதல் நாளே பிடித்துக்கொண்டவர்! அட்டையில் பணம் நிரப்பும் ‘டாப் அப்’ செய்யவும் யாரும் பாடம் எடுக்கவில்லை.

சரி, இலக்கணமே வேண்டாமா? ஒன்று கட்டாயம் வேண்டும். ‘டர்ன் ஆஃப் த பம்ப்’, ‘டர்ன் த பம்ப் ஆஃப்’ இரண்டும் சரிதான். பம்ப் போய் ‘இட்’ வந்தால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும்: ‘டர்ன் இட் ஆஃப்’. சொல்லும்போது ‘ஆஃப்’பை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘லுக் ஆஃப்டர்’ போன்றவற்றை இப்படிப் பிரிக்க முடியாது. ‘டர்ன்’ இல்லாத நம்மூர் ‘ஆஃப் த லைட்’ காப்பிக்கடையில் எடுபடும். வேலை நேர்காணலில் இடிக்கும்.

விடுதிகளிலும் சமூக மன்றங்களிலும் ஞாயிறு வகுப்பு எடுக்கும் தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வாரம் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் காதில் விழுந்து புரியாமல் போனதை மாணவர்களையே குறித்துவரச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் கிறுக்கி வந்தாலும் போதும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் நாளிதழும் கட்டுமானம், கப்பல் பட்டறை, துப்புரவு என்று தொழில்வாரியாக வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்கலாம். வெட்டி எடுத்து சைட் ஆபீஸ் பலகையில் ஒட்டுவது என் பொறுப்பு.

பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
ஜூரோங் வெஸ்ட்