கண்டன அறிக்கை போதும், நிலத்தைப் பற்றிக் கேளுங்கள்

மலேசிய நாடாளுமன்றத்தின் தமிழ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே, வணக்கம்.

யாராவது ஓர் அரசியல்வாதி மைக்கைப் பிடித்து, தாய்மொழிப் பள்ளிகளால்தான் இன ஒற்றுமை கெடுகிறது என்கிறார். மாலைக்குள் உங்கள் கண்டன அறிக்கை வந்துவிடுகிறது. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு வாரம் சுற்றிவிட்டு அடங்குகிறது. 2020 நவம்பரில் துணையமைச்சர் ஒருவரே இப்பள்ளிகளைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று பேசினார். அப்போதும் இதே கதைதான்.

அறிக்கை விடுவது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தொடுத்த வழக்கில் தீர்ப்பே வந்துவிட்டது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையே என்று 2021 டிசம்பர் 29-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு வழக்காட அனுமதி மறுத்துவிட்டது. இனிமேலும் அதையே பேசுகிறவருக்குத் தீர்ப்பை நீட்டினால் போதாதா?

வழக்கு நடந்தபோது நம்மவர் வாயிலும் முதலில் வந்த கேள்வி, "நீதிபதி என்ன இனம்?" என்பதுதான். உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பளித்தவர் முகமட் நஸ்லான், மலாய்க்காரர். 2018-இல் இந்திரா காந்தி என்ற மலேசிய இந்துத் தாயின் வழக்கில், பிள்ளைகளைத் தந்தை ஒருதலைப்பட்சமாக இஸ்லாத்துக்கு மதம் மாற்றியது செல்லாது என்ற கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் முஸ்லிமான ஸைனுன் அலி. அதே ஆண்டு இந்தியக் கிறிஸ்தவரான டோமி தோமஸ் சட்டத்துறைத் தலைவராக வந்தபோது, அவர் இனத்தையும் மதத்தையும் சொல்லி எதிர்த்தவர்கள் எந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தார்களோ, நாமும் அதைத்தான் போட்டிருக்கிறோம். நீதிபதி நாற்காலிகளில் நம்மவர் இன்னும் கூடுதலாக அமர வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. பெயர்களைப் பரிந்துரைக்க 2009 முதல் தனி ஆணையம் இருக்கிறது. மாமன்னருக்கு ஆலோசனை சொல்வதோ பிரதமர். அங்கே வாதாடுங்கள். ஆனால், நம்மவர் இருந்தால்தான் நமக்கு நீதி என்ற பேச்சு வேண்டாம்.

பள்ளிக்கு வருகிறேன். சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் கீழே. இவற்றை எந்த மேடைப் பேச்சும் மூடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் வேலை தேடி நகரத்துக்குப் போனார்கள், பள்ளி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. 150-க்குக் குறைவான மாணவர் இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்பது கல்வி அமைச்சின் கணக்கு. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. மிகச் சிறிய பள்ளிகளில் கூட்டு வகுப்பு நடக்கும்: ஒரே அறை, ஒரே ஆசிரியை, வெண்பலகைக்கு நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் இரண்டாம் ஆண்டுக் கணக்கு, வலப்பக்கம் மூன்றாம் ஆண்டுக் கணக்கு. இந்தப் பக்கத்துப் பிள்ளை அந்தப் பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்லித் திட்டு வாங்கும்.

இங்கே நகரத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நம் குடும்பங்கள் நெருக்கியடித்து இருக்கின்றன, பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை. வேன் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அம்மா பிள்ளையை எதிரிலிருக்கும் தேசியப் பள்ளியில் சேர்த்துவிடுகிறாள். அவளுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தைத் தாமானுக்கு மாற்றினால் பள்ளியும் பிழைக்கும், பிள்ளையும் பக்கத்திலேயே படிக்கும். முடியாத காரியமல்ல, சில பள்ளிகள் அப்படி மாறியிருக்கின்றன. இழுபறியெல்லாம் நிலத்தில்தான். மனை தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தால் பள்ளி 'பகுதி உதவி' கணக்கில் விழும். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தரும். ஒழுகும் கூரைக்கு மேலாளர் வாரியம்தான் நிதி விருந்து வைத்து அலைய வேண்டும். இல்லையென்றால் தேர்தல் நேரத்தில் நீங்கள் கொண்டுவரும் ஆளுயர மாதிரிக் காசோலைக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த கூட்டத்தொடரில் கேளுங்கள்: பிறர் நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் எத்தனை? இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தவை எத்தனை, எந்த மேசையில் எவ்வளவு காலமாகக் கிடக்கின்றன? புதிய தாமான்களில் தமிழ்ப்பள்ளிக்கென்று மனை ஒதுக்க மாநில அரசுகளிடம் யார் பேசுகிறார்கள்? கேள்வி நேரத்தில் வாய்ப்புக் கிடைக்காவிட்டால் எழுத்துப்பூர்வக் கேள்வியாகவாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவன்