போடி பாதையில் ஒரு விடியற்காலை வண்டி: தெற்கு ரயில்வேக்குத் திறந்த மடல்

தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அவர்களுக்கும் மதுரைக் கோட்ட மேலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

மதுரை - போடிநாயக்கனூர் பாதையில் ஓடும் ரயிலின் நேரத்தைப் பற்றித் தேனி மாவட்டத்துப் பயணி ஒருவன் எழுதும் மடல் இது. புதிய பாதையோ, புதிய பெட்டிகளோ, பெரிய நிலையக் கட்டடமோ கேட்டு இதை எழுதவில்லை. பொதுப்பணத்தில் போட்டு முடித்த 90 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. அதில் ஓடுவதற்கு ஒரு வண்டியும் இருக்கிறது. அந்த வண்டி எங்களுக்குப் பயன்படும் வேளையிலும் ஓட வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இந்தப் பாதை விட்டுவிட்டு உயிர்பெற்று வந்த ஒன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1928இல் திறக்கப்பட்ட இதன் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில்தான் மறுபடியும் போடப்பட்டன. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய மீட்டர்கேஜ் வண்டி, அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டி, ஆண்டிபட்டியிலிருந்து தேனி எனத் துண்டு துண்டாக வேலை நகர்ந்து, 75 கிலோமீட்டர் நீளமுள்ள மதுரை - தேனிப் பகுதி 2022 மே 26 அன்று பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாக அப்போது அறிவிக்கப்பட்டது. மீதமிருந்த 15 கிலோமீட்டரைக் கடந்து வண்டி போடிக்குப் போய்ச் சேர்ந்தது 2023 ஜூன் 15 அன்று. 2010இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த தேனிப் பிள்ளை, ரயில் திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தது. அத்தனை காலம் காத்திருந்ததால்தான், கிடைத்த வண்டி எந்த நேரத்தில் கிடைத்தாலும் சரி என்று முதலில் மகிழ்ந்துபோனோம். நேரத்தைப் பற்றிய பேச்சு பின்னால்தான் தொடங்கியது.

போடிவரை நீட்டிக்கப்பட்டபோது வகுத்த அட்டவணைப்படி, முன்பதிவில்லாப் பயணிகள் ரயில் காலை 8.20 மணியளவில் மதுரையில் புறப்பட்டு, வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் பத்தரை மணியளவில் போடியை அடைகிறது. அதே வண்டி மாலை 5.50 மணியளவில் போடியில் கிளம்பி, இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பாக மதுரைக்குத் திரும்புகிறது. இந்த ஒரு போக்குவரத்துத்தான் எங்களுடைய அன்றாட ரயில். இதை வைத்து மதுரைக்குப் போய்வர நினைக்கும் தேனிக்காரர் இரவில் மதுரையில் இறங்கி, அங்கேயே படுத்தெழுந்து, மறுநாள் காலை அலுவலகங்களும் கடைகளும் திறப்பதற்குள் ஊர்திரும்பும் வண்டியில் ஏறிவிட வேண்டும். மதுரையில் அவருக்கு ஒரு வேலை இருந்தால், அதைச் செய்வதற்கு இரண்டு இரவுகளும் ஒரு பகலும் தேவை.

இந்த நேரம் யாருக்குமே பயன்படாதது என்று சொன்னால் அது பொய்யாகும். மதுரையில் குடியிருந்துகொண்டு தேனியில் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. காலை பத்து மணிக்கு முன் தேனியில் இறங்கி, மாலை வேலை முடிந்ததும் ஏறிவிடலாம். மாலை வண்டியில் மதுரைக்குப் போய், அங்கிருந்து பாண்டியன் போன்ற இரவு ரயில்களில் சென்னைக்குச் செல்பவர்களுக்கும் இது உதவுகிறது. அவர்களுக்குக் கிடைத்ததைப் பறித்து எங்களுக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் மதுரையை நோக்கிப் போகும் கூட்டமே இந்தத் தடத்தில் பெரிய கூட்டம் என்பதைக் காலை ஆறு மணிக்குத் தேனிப் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர் எவரும் அறிந்துகொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தாலும், மேல்சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். புறநோயாளிச் சீட்டு வாங்குவதற்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு வைத்திருப்பவர்கள் பத்தரை மணிக்குள் வளாகத்துக்குள் இருக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும், கருமாத்தூரிலும் மதுரை நகரத்திலும் உள்ள கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழமாசி வீதியில் மொத்தச் சரக்கெடுக்கப் போகும் சிறு கடைக்காரர்களும், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், சித்தாள்களும் இருக்கிறார்கள். இவர்களில் மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள வயதானவர்களின் நிலையை மட்டுமாவது தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பேருந்தில், கழிப்பறை வசதியின்றி, ஆண்டிபட்டிக் கணவாயின் வளைவுகளில் குலுங்கியபடி, பல நாள்களில் நின்றபடியே போகிறார்கள். ரயிலோ தேனியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் போய்ச் சேருகிறது. பேருந்தைவிட விரைவாகவும், குறைந்த கட்டணத்திலும், கழிப்பறையோடும் போகக்கூடிய ஊர்தி ஒன்று இருந்தும், அது அவர்கள் போகும் நேரத்தில் அவர்களுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

மாதாந்திர சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர்வரை செல்லுபடியாகும் என்பது ரயில்வேயின் விதி. போடிக்கும் மதுரைக்கும் இடையே 90 கிலோமீட்டர்தான். அதாவது, இந்தப் பாதையின் கடைசி ஊரிலிருந்துகூட ஒரு மாணவரோ தொழிலாளியோ சீசன் டிக்கெட் எடுத்து நாள்தோறும் மதுரைக்குப் போய்வர விதி இடம்கொடுக்கிறது, அட்டவணைதான் இடம்கொடுக்கவில்லை.

என் கோரிக்கை இப்போதுள்ள இரண்டு நடைகளையும் தொடாமலே நிறைவேறக்கூடியது. மதுரையில் இரவு தங்கும் வண்டியைப் போடியில் தங்கவையுங்கள். விடியற்காலை 5.45 மணியளவில் அது போடியில் புறப்பட்டால் 7.45 மணிக்கு மதுரையை அடையலாம். அங்கே அரைமணி நேரம் நின்று, இப்போது ஓடும் அதே 8.20 வண்டியாகப் போடிக்குத் திரும்பலாம். மாலையில் வழக்கம்போல 5.50க்குப் போடியிலிருந்து மதுரைக்கு வந்து, இரவு எட்டேகால் அளவில் மறுபடி புறப்பட்டு, பத்தேகாலுக்குள் போடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். காலையில் மதுரைக்குப் போனவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காலை பத்தரை மணிக்குப் போடிக்கு வரும் பெட்டித்தொடர், மாலை ஐந்தே முக்கால்வரை, ஏழு மணிநேரத்துக்கு மேல், வேலையின்றி நிற்கும்படி அட்டவணை அமைந்திருக்கிறது. பதினோரு மணிக்கு மேல் கிளம்பி மதுரைக்கு ஒரு நடை போய், மூன்று மணிவாக்கில் அங்கிருந்து திரும்பினால்கூட மாலை வண்டிக்கு உரிய நேரத்தில் போடியில் இருக்கலாம். நாள்முழுதும் மருத்துவமனையில் காத்திருக்க முடியாதவர்களும், மதியத்தோடு வகுப்பு முடிந்த மாணவர்களும் அதில் திரும்பிவிடுவார்கள். ஒரே ஒரு பெட்டித்தொடரை வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று முறை போய்வர முடிகிற பாதையில், இப்போது ஒரே ஒரு முறைதான் போய்வருகிறோம். மூன்றும் உடனே முடியாதென்றால், விடியற்காலை வண்டியையும் அதன் இரவுத் திரும்பலையும் முதலில் தாருங்கள். நடுப்பகல் நடை பின்னால் வரட்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நானும் யோசித்துப் பார்த்தேன். பெட்டிகளைப் பராமரிக்கும் வசதி மதுரையில்தான் உண்டு என்பது முதல் மறுப்பாக இருக்கும். வண்டி ஒவ்வொரு நாளும் மதுரைக்கு வரத்தான் போகிறது. பராமரிப்பு முறை வரும் நாளில் அங்கேயே வேறொரு பெட்டித்தொடரை மாற்றி அனுப்புவது மதுரைபோன்ற பெரிய சந்திப்புக்குக் கடினமான செயலாகத் தோன்றவில்லை. போடியில் இரவில் வண்டியை நிறுத்திவைக்க முடியாது என்பது இரண்டாவது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் போடிக்கு வரும் விரைவு ரயில், செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலையில் வந்து, செவ்வாய், வியாழன், ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு எட்டரைக்குத் திரும்புவதாக அட்டவணை சொல்கிறது. சனிக்கிழமை வந்த வண்டி ஞாயிறு இரவுதான் கிளம்புகிறது. ஆகவே, ஓரிரவு வண்டியை நிறுத்திவைப்பது போடி நிலையத்துக்குப் புதிய பழக்கமாக இராது.

மூன்றாவதும் உண்மையிலேயே கனமானதுமான மறுப்பு ஊழியர்களைப் பற்றியது. லோகோ பைலட்டுகளும் கார்டும் விதிப்படி ஓய்வெடுத்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்; விடியற்காலை வண்டிக்குப் போடியில் அவர்கள் இரவு தங்க நல்ல அறையும் உணவும் வேண்டும்; கூடுதல் நடைகளுக்குக் கூடுதல் ஆள்களும் வேண்டும். இதில் செலவு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வசதிக்காக அவர்களுடைய தூக்கத்தைக் குறையுங்கள் என்று எந்தப் பயணியும் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. ஆனால் ஐந்நூறு கோடிக்கு மேல் போட்டு முடித்த முதலீட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சிறு செலவு. ஒற்றை வழிப்பாதையில் சென்னை வண்டி வரும் நாள்களில் எதிரெதிர் வண்டிகளை எங்கே விலகவிடுவது என்ற கேள்வியும் எழும். அதற்குப் பத்து நிமிடம் முன்பின்னாக நேரத்தை வகுக்கும் வித்தை தங்கள் இயக்கப் பிரிவினருக்குக் கைவந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் நான் பெரிதும் அஞ்சுவது. "இந்தப் பாதையில் கூட்டமில்லை, ஆகவே இன்னொரு நடை தேவையில்லை" என்று யாரேனும் கோப்பில் எழுதிவிடக் கூடும். இப்போதைய வண்டியில் ஏறுபவர்களை எண்ணினால், அந்த நேரம் யாருக்கெல்லாம் ஒத்துவருகிறது என்பதுதான் தெரியவரும். இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு ரயில் தேவை என்பது தெரியவராது. உச்சிவெயிலில் கம்பளிக் கடையைத் திறந்து, கம்பளி விற்கவில்லை என்று கணக்கெழுதுவது போன்ற எண்ணிக்கை அது. காலையில் மதுரை நோக்கிப் போகும் பேருந்துகளில் ஆள்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு ரயிலுக்கு வந்தாலே வண்டி நிறைந்துவிடும்.

இதோடு சேர்த்துச் சில சிறிய வேண்டுகோள்களும் உண்டு. சென்னை வண்டி நாள்தோறும் ஓடினால், மாலையில் மதுரைக்குப் போய் வண்டி மாறும் கூட்டம் குறையும். ஏலக்காயும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் வாழையும் பார்சலில் போவதற்கும் வழி பிறக்கும். போடி, ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர். எடை குறைவாகவும் விலை மிகுதியாகவும் உள்ள அந்தச் சரக்கு ரயிலை நாடி வராமலிருப்பதற்கு வாரம் மூன்றே நாள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் ஆகிய ஊர்களுக்கும், க.விலக்கு மருத்துவமனைக்கு அருகிலும், ஒரு நிமிடம் நின்று செல்லும் நிறுத்தங்கள் அமைக்க முடியுமா என்று ஆய்ந்து பார்க்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முந்தைய இரவிலும், வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நாள்களிலும், கார்த்திகை முதல் தை வரை குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்களுக்காகவும் சிறப்பு வண்டி விடலாம். அந்த வருவாய் தங்களுக்கே நன்கு தெரிந்தது.

ரயிலோடு பேருந்தையும் பொருத்த வேண்டியது மாவட்ட நிர்வாகமும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் செய்ய வேண்டிய வேலை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் மக்கள் தேனிக்கு வந்துதான் ரயிலைப் பிடிக்க வேண்டும். விடியற்காலை வண்டி வந்தால், அதற்கு முன்பாக அந்த ஊர்களிலிருந்து தேனி ரயில் நிலையத்துக்கே வந்து சேரும்படி இரண்டு பேருந்துகளும், இரவில் வண்டி வரும்வரை காத்திருந்து ஏற்றிச்செல்லும்படி இரண்டு பேருந்துகளும் போதும். இதற்காகத் தாங்கள் மாவட்ட ஆட்சியரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசினால், எங்கள் மனுக்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைவது குறையும்.

புதிய நடைக்கான ஒப்புதல் கோட்டத்தில் தொடங்கி, சென்னைத் தலைமையகத்தைக் கடந்து, ரயில்வே வாரியம்வரை போக வேண்டும் என்பதை அறிவேன். ஆகவே, நிரந்தர அறிவிப்புக்குக் காத்திராமல், ஆறு மாதங்களுக்குச் சோதனை முறையில் சிறப்பு ரயிலாக இதை ஓட்டிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் தொடங்கினால் சீசன் டிக்கெட் எடுப்பவர்களின் எண்ணிக்கை முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். தொடங்குவதற்குப் பதினைந்து நாள் முன்னதாகத் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டிப் பேருந்து நிலையங்களில் நேரத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். ரயிலுக்கு வர வேண்டியவர்கள் இப்போது அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்துப் பயணி ஒருவன்