முலாம் கடைக்குக் கொண்டுபோகாதே

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். முட்டிவலியோடு தினமும் இரண்டு மாடி ஏறி இறங்குகிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குடித்தனக்காரரை மேலே அனுப்பிவிட்டு நீ கீழே வந்துவிடு.

என் பக்கத்துச் சேதி: ஒருவழியாகப் பழைய லுட்விக் டிரம் செட் வாங்கிவிட்டேன். டிரம்களின் அளவு 22, 13, 16 அங்குலம். அறுபதுகளின் நடுவில் இதே சிகாகோவில், டேமன் அவென்யூ தொழிற்சாலையில் செய்தது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ தொலைக்காட்சியில் வாசித்ததைப் பார்த்து ஊரே லுட்விக் கேட்க, ஆலை ராப்பகலாக ஓடிய காலம் அது. விற்றவர் அதை ஈரமான பேஸ்மென்ட்டில் போட்டு வைத்திருந்தார். தோலை அழுத்திப் பிடிக்கும் வளையம், அதான் ரிம், முழுக்கச் செம்புள்ளி.

அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறேன், அவ்வளவுதான். கறுப்பாக ஒரு குழம்பு வரும். துணியால் துடைத்தால் அடியில் பளபளப்பு. ரிம்மின் குரோம் முலாமைவிட அலுமினியம் மெது, அதனால் கீறல் விழாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மட்டும் கிட்டவே வரக்கூடாது. துரு பிடிப்பது குரோம் இல்லை, அடியில் இருக்கும் இரும்பு. குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதற்குக் கீழே நிக்கல். இரண்டிலும் உள்ள நுண்துளை வழியாக ஈரம் இறங்கிவிடுகிறது. துரு போன பிறகும் சாய்த்துப் பார்த்தால் ஊசி குத்தியது போலக் குழிகள் தெரியும். அவற்றை மறைக்க வழியில்லை. கார் மெழுகு பூசி ஈரத்தை நிறுத்தலாம்.

டிரம்மின் பக்கத்தில் ராடு முடுக்கும் பிடிகள், அதாவது லக்குகள், துத்தநாக வார்ப்பு. வினிகரில் ஊறப்போட்டால் அமிலம் உள்ளே அரித்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். தோலை இறுக்கும் டென்ஷன் ராடுகளை மண்ணெண்ணெயில் போட்டு, மரையைத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய். (ஃபாயில் சுருள் வேகமாகத் தீர்வதை வீட்டில் கண்டுபிடித்தாயிற்று.)

அப்புறம் உன் ஸ்னேர் டிரம். முலாம் கொப்பளித்து வெள்ளைப் பொடி உதிர்கிறது என்றாய். லுட்விக்கின் சுப்ராஃபானிக் மாடல்தானே? காந்தத்தை வைத்துப் பார், ஷெல்லில் (டிரம்மின் உடலில்) ஒட்டாது. அது அலுமினியக் கலவை. அந்தப் பொடி அலுமினியம் அரித்ததுதான். அந்த மாடலில் பாதிக்குமேல் இப்படித்தான் கிடக்கும் என்று தோன்றுகிறது. அம்பத்தூரில் புதிதாக முலாம் போடப்போகிறேன் என்கிறாயே, வேண்டாம்டா. பழைய முலாமைக் கழற்றி, குழி மறையும்வரை சாணை பிடித்தால் ஷெல்லின் கனமும் விளிம்பும் போய்விடும். அலுமினியத்தில் குரோம் சரியாகப் பிடிப்பதே கஷ்டம்; சென்னைக் கடல்காற்றில் மறுபடியும் கொப்பளிக்கும். ஃபாயிலும் வேண்டாம், தூக்கி நிற்கும் செதிலைப் பெயர்த்துவிடும். மெல்லிய துணியால் துடைத்து மெழுகு பூசு. சத்தம் அப்படியே இருக்கும்.

ஸ்னேரின் பேட்ஜில் எண் இருந்தால் எழுதி அனுப்பு, எந்த வருஷத்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அடித்தோலில் பட்டு அதிரும் ஸ்னேர் வயர் வேண்டுமா? டிசம்பரில் வரும்போது எடுத்து வருகிறேன். சுசீலாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாலு